கரண்ட் வந்துவிட்டது, கணினி வரவில்லை

மின்வெட்டு முடிந்ததும் வீட்டில் எல்லாம் தானாகத் தொடங்கிவிடுகின்றன. மின்விசிறி சுற்றுகிறது, ஃபிரிட்ஜ் உறுமுகிறது, இன்டர்நெட் ரவுட்டர் தன் பச்சை விளக்குகளை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொள்கிறது. கணினி மட்டும் யாராவது வந்து பட்டனை அழுத்தும்வரை அசையாமல் கிடக்கிறது. கொழும்பில் சின்னச் சின்ன அலுவலகங்களின் கணினிகளைப் பராமரிப்பது என் தொழில். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது பழகிப்போன சங்கதி. போனை எடுத்து, "கரண்ட் வந்திட்டுதுதானே, ஒருக்கா அந்தப் பட்டனை அமத்திவிடுங்கோ" என்று சொன்னால் அன்றைய பிரச்சினை தீர்ந்தது. ஆனால் அந்தப் பட்டனை அமத்தப் போகிறவர் யார், எந்த நேரத்தில், எத்தனை படி ஏறிப் போகிறார் என்பதை ஒருமுறை நேரில் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடை. கீழே கடை, இரண்டாம் மாடியில் தகரக் கூரைக்கு அடியில் ஒரு சின்ன அறை. கமராக்களின் பதிவெல்லாம் அந்த அறையில் இருக்கும் ஒரு கணினிக்குத்தான் போகிறது. திரையோ கீபோர்டோ இல்லாமல் இரவு பகலாக ஓடுகிற இயந்திரம். இரவில் கரண்ட் போய் வந்தால் அது அணைந்தே கிடக்கும். காலையில் கடை திறப்பவர்கள் கவனிக்கும்வரை பதிவு இருக்காது. நகைக்கடைக்குப் பதிவு முக்கியமாகத் தேவைப்படுவதே இரவில்தான். முதலாளி இதற்கு ஒரு வழி கண்டிருந்தார்: மாடி அறைச் சாவியை இரவுக் காவலாளியிடம் கொடுத்துவிட்டார். அறுபது வயதைத் தாண்டியவர். ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, பாதி வாழ்க்கையைக் கொழும்பில் கழித்தவர். கரண்ட் வந்ததும் டோர்ச் லைட்டோடு மேலே ஏறி, பட்டனை அமுக்கி, விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு இறங்க வேண்டும். "ராத்திரியில ரெண்டு மூணு தரம் போய்ப் போய் வந்திச்சின்னா முட்டி புடிச்சிக்குது தம்பி. ஆனா அமுக்காம விட்டா காலையில என்னையத்தானே கேப்பாங்க" என்றார்.

அவர் மேலே இருக்கும் நேரத்தில் கீழே கடை வாசலில் யாரும் இல்லை என்பதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. முதலாளியை நான் குறை சொல்லமாட்டேன். கணினி என்றால் அப்படித்தான், கையால்தான் போட வேண்டும் என்று அவருக்கு முன்பு வந்த யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவரும் நம்பியிருக்கிறார். எந்த ஒருவருடைய வேலையாகவும் எழுதப்படாத ஒரு வேலை, மறுத்துப் பேச முடியாத ஒருவரின் தலையில் போய் விழுந்துவிட்டது. வெள்ளவத்தை தொடர்மாடிகளில் இதே வேலை தனியாக இருக்கும் அம்மாக்களின் தலையில் விழுகிறது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் வாசல் கமராவைப் பார்ப்பதற்காக ஒரு கணினியை வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். கரண்ட் வந்ததும் டொரோண்டோவிலிருந்து அழைப்பு வரும்: "அம்மா, ஒருக்கா எழும்பிப் போய்..."

சுவிட்ச் போய்ப் பட்டன் வந்த கதை

கணினி எப்போதும் இப்படி இருந்ததில்லை. தொண்ணூறுகளின் நடுப்பகுதிவரை நம் மேசைகளுக்கு வந்த ஏடி வகைக் கணினிகளில் இருந்தது உண்மையான சுவிட்ச். அழுத்தினால் டக்கென்று உள்ளே போய் அங்கேயே நிற்கும், சுவரில் இருக்கும் லைட் சுவிட்ச் மாதிரி. கரண்ட் போனாலும் சுவிட்ச் போட்டபடியே இருப்பதால், கரண்ட் வந்ததும் இயந்திரமும் வந்துவிடும். 1995இல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் அமைப்பில் சுவிட்சின் இடத்துக்குப் பட்டன் வந்தது. இந்தப் பட்டன் நேரடியாக மின்சாரத்தை இணைப்பதில்லை. எழும்பு என்று கணினிக்குள் இருக்கும் முக்கியப் பலகையான மதர்போர்டுக்கு ஒரு சைகை மட்டும் கொடுக்கிறது. அந்தச் சைகைக்குக் காது கொடுத்திருப்பதற்காக, அணைந்து கிடக்கும் கணினிக்குள்ளும் பவர் சப்ளை 5 வோல்ட் மின்சாரத்தைச் சிறிதளவு கொடுத்தபடியே இருக்கும். இதனால் நன்மைகள் பல. மென்பொருள் தானே கணினியை முழுவதுமாக அணைக்கலாம். இன்னொரு கணினி நெட்வொர்க் வழியாக இதை எழுப்பலாம். ஆனால் கரண்ட் அடியோடு போய்த் திரும்பினால் என்ன செய்வது என்பதை இப்போது யாராவது முன்கூட்டியே முடிவுசெய்ய வேண்டும். மேசைக் கணினி செய்கிறவர்களில் பெரும்பாலானவர்கள், அணைந்தே இருக்கட்டும் என்று முடிவுசெய்து அதையே, நாம் மாற்றாதவரை இருக்கும் தொடக்க அமைப்பாக வைத்தார்கள்.

அந்த முடிவுக்கு நியாயம் இல்லாமல் இல்லை. கணினிக்கு முன்னால் எப்போதும் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பார், கரண்ட் போவது எப்போதாவது நடக்கும் ஒன்று, வந்தபின் அவர் பார்த்துப் போட்டுக்கொள்வார் என்று நினைத்தால் அது சரிதான். நம் ஊரை அப்படி நினைக்க முடியுமா? 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தவர்கள் நாம். நம் வீதி எந்த எழுத்துப் பிரிவுக்குள் வருகிறது என்று மின்வெட்டுப் பட்டியலில் பார்த்து, சமையலையும் குளியலையும் அதற்கேற்ப நகர்த்தியவர்கள். அந்த நாட்கள் போய்விட்டன என்று ஆறுதலாக இருந்தபோது, 2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிறு முற்பகல், பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதாக எரிசக்தி அமைச்சர் பிறகு சொன்னார். நாடு முழுவதும் இருண்டது. அதிலேயே நுரைச்சோலை அனல்மின் நிலையமும் நின்றுபோனதால் அடுத்த நாட்களிலும் முறைவைத்துக் கரண்டை வெட்டினார்கள். இதெல்லாம் இல்லாத மாதங்களிலும் ஒரு பின்னேர இடிமழை போதும். இப்படிப்பட்ட ஊரில், அணைந்தே இருக்கட்டும் என்ற தொடக்க அமைப்பை அப்படியே விட்டுவைப்பது பொறுப்பில்லாத வேலை என்பது என் கருத்து.

மாற்றுவதற்குச் செலவே இல்லை. கணினி தொடங்கும்போது டிலீட், எஃப் 2 போன்ற ஒரு விசையைத் தட்டி, மதர்போர்டிலேயே இருக்கும் அமைப்புப் பக்கமான பயாஸுக்குள் போக வேண்டும், அவ்வளவுதான். அங்கே இந்த அமைப்பின் பெயர்தான் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டெல்லில் ஏசி ரிகவரி, எச்பியிலும் லெனோவாவிலும் ஆஃப்டர் பவர் லாஸ், கிகாபைட்டில் ஏசி பேக், ஆசுஸில் ரிஸ்டோர் ஏசி பவர் லாஸ். உள்ளே அநேகமாக மூன்று தெரிவுகள் இருக்கும்: பவர் ஆஃப், பவர் ஆன், லாஸ்ட் ஸ்டேட். கடைசித் தெரிவு, கரண்ட் போனபோது எப்படி இருந்ததோ அப்படியே திரும்புவது. கேட்க நியாயமாக இருப்பதால் பலரும் அதைத்தான் தெரிவுசெய்கிறார்கள். ஆளில்லாத இடத்தில் ஓடும் கணினிக்கு அது பொருந்தாது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நகைக்கடைக் கணினியிலும் பவர் ஆன் என்று மாற்றினேன். கரண்ட் வந்ததும் கணினிக்கு உயிர் வருவது வேறு, அது தன் வேலையைத் தொடங்குவது வேறு. இரண்டுக்கும் நடுவில் இன்னும் எத்தனையோ இடங்களில் அது ஒரு மனிதக் கைக்காகக் காத்து நிற்கும். கீபோர்ட் இல்லாத பழைய கணினி, "கீபோர்ட் இல்லை, எஃப் 1ஐ அழுத்து" என்று கறுப்புத் திரையில் எழுதிவிட்டு நின்றுவிடும். அந்தத் திரையைப் பார்க்கவும் அங்கே யாரும் இல்லை. விண்டோஸ், பாஸ்வேர்டைக் கேட்டு நிற்கும். பதிவு செய்யும் மென்பொருள் லாகின் செய்த பிறகுதான் தொடங்கும் வகையென்றால் விடியும்வரை பதிவு இல்லை. அதை, லாகின் இல்லாமலே தொடங்கும் பின்னணிச் சேவையாக மாற்றியாக வேண்டும். உபுண்டு போன்ற லினக்ஸ்களில், முந்தைய தொடக்கம் சரியாக முடியவில்லை என்று கண்டால் தொடக்கப் பட்டியலைக் காட்டிக் காத்திருக்கும் வழக்கம் உண்டு. பழைய பதிப்புகளில் அது முடிவேயில்லாத காத்திருப்பு. ரவுட்டர் முழுதாக எழும்ப ஓரிரு நிமிடம் ஆகும், கணினி அதற்கு முன்பே எழும்பிவிடும். அந்த இடைவெளியில் கமராக்களைத் தேடிக் கிடைக்கவில்லை என்று கைவிட்டுவிடும் மென்பொருள்களும் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் தேடித் தேடித்தான் அடைக்க வேண்டும். எனக்குப் பிடித்த வேலை அது. பொறுமை வேண்டும், ஆனால் ஒவ்வொன்றை அடைக்கும்போதும் ஒருவர் இரவில் படியேறுவதற்கான ஒரு காரணம் குறைகிறது.

மதர்போர்டில் இருக்கும் சின்னப் பற்றரியையும் சொல்ல வேண்டும். சிஆர் 2032, பார்க்க ஒரு நாணயம் மாதிரி, 3 வோல்ட். கரண்ட் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓடவைப்பது அதுதான். பல மதர்போர்டுகளில் இந்த அமைப்புகளை நினைவில் வைத்திருப்பதும் அதுதான். அது தீர்ந்துபோனால் கணினி தன் தொடக்க அமைப்புக்கே போய்விடும். அதாவது, மீண்டும் பவர் ஆஃப். நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு கணினியின் திகதி பல வருடங்கள் பின்னால் போயிருந்தால் முதல் சந்தேகம் இந்தப் பற்றரி மேல்தான் வர வேண்டும். புறக்கோட்டையில் எந்த எலக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கும். கமராப் பதிவுக்கு நேரம் உயிர். நேரம் பிழைத்த பதிவை வைத்துக்கொண்டு பொலிஸில் எதை நிரூபிப்பது?

லைட் வந்தபோது ஓடிக்கொண்டிருந்தது

அந்த அறையில் ஒரு நல்ல யூபிஎஸ்ஸும் இருந்தது. கணினியோடு யூஎஸ்பி வயரால் பேசக்கூடியது. கரண்ட் போனால் பற்றரியில் கொஞ்ச நேரம் ஓடும். பற்றரி இறங்கியதும் கணினிக்குத் தகவல் கொடுக்கும். கணினி கோப்புகளையெல்லாம் மூடிவிட்டு ஒழுங்காக அணையும். லினக்ஸில் இதற்கு நட் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. பிளக்கைச் சுவரிலிருந்து இழுத்து, யூபிஎஸ் முழுதாக இறங்கும்வரை விட்டு, திரும்பச் செருகிப் பார்த்தாயிற்று. ஒவ்வொரு தடவையும் கணினி தானாக எழும்பிப் பதிவைத் தொடங்கியது. முதலாளிக்குத் திருப்தி. மாடி அறைச் சாவியை மட்டும் காவலாளி ஐயாவிடமே விட்டுவைத்தார்கள்.

பிறகு ஒரு ஐப்பசி இடிமழை. மறுநாள் காலையில் கடையிலிருந்து அழைப்பு: மெஷின் இரவு அணைந்துவிட்டது, ஐயாதான் போய்ப் போட்டிருக்கிறார். போய், நடந்ததையெல்லாம் கணினி தானே குறித்துவைக்கும் லாக் கோப்பைப் பார்த்தேன். கரண்ட் போயிருக்கிறது, பற்றரி இறங்கியிருக்கிறது, எல்லாவற்றையும் மூடிவிட்டு ஒழுங்காக அணைந்திருக்கிறது. ஒரு குறையும் இல்லை. பயாஸில் பவர் ஆன் அப்படியே இருக்கிறது. சிஆர் 2032 புதிது. பிளக்கை இழுத்துப் பார்த்தேன், எழும்பியது. லாக்கில் இருந்ததெல்லாம் அணைவதற்கு முந்தைய கதைதான். அணைந்த பிறகு என்ன நடந்தது என்பதைக் கணினியிடம் கேட்க முடியாது. அதனால் ஐயாவிடம் கேட்டேன்.

"நேத்து நான் கரண்ட் வர்றதுக்கு முந்தியே மேல போயிட்டேன் தம்பி. மழை ஒழுகுதான்னு பாக்க. லைட்டு வந்தப்ப அந்த மெஷின் ஓடிக்கிட்டுதான் இருந்திச்சி, காத்தாடி சத்தம் கேட்டிச்சி. சரி இன்னைக்கு நம்ம வேல மிச்சம்னு திரும்புறேன், அப்பறமா அதுவா அணைஞ்சிருச்சி. கொஞ்ச நேரம் நின்னு பாத்தேன். வரவே இல்ல. அப்பறம் நானே அமுக்கினேன்."

லைட் வந்தபோது ஓடிக்கொண்டிருந்தது, அதற்குப் பிறகுதான் அணைந்தது. இந்த ஒரு தகவல் எந்த லாக்கிலும் இல்லை. இதைக் கேட்டதும் முழுவதும் விளங்கிவிட்டது. பற்றரி இறங்கிவிட்டது என்று யூபிஎஸ் சொன்னதும் கணினி அணையத் தொடங்கியிருக்கிறது. தொடங்கிய பின் அது பாதியில் திரும்பாது. எல்லாவற்றையும் மூடும் வேலை ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும். சரியாக அந்த ஒரு நிமிடத்துக்குள் கரண்ட் வந்துவிட்டது. யூபிஎஸ்ஸுக்கு இனிக் கவலையில்லை, அது தன் வெளிப்பக்க மின்சாரத்தை ஒரு நொடிகூட நிறுத்தவில்லை. கணினியோ அணைந்து முடித்துவிட்டது. அதன் பார்வையில் கரண்ட் போகவேயில்லை. பவர் ஆன் என்ற அமைப்பு வேலைசெய்வதற்கு, கரண்ட் முழுதாக ஒருமுறை போய்த் திரும்ப வேண்டும். போகாத கரண்ட் எப்படித் திரும்பும்? ஆக, யாரோ ஒருவர் வேண்டுமென்றே அணைத்துவைத்த கணினியைப் போல, பட்டனுக்காகக் காத்துக் கிடந்தது. யூபிஎஸ்ஸே இல்லாமல் சட்டென்று கரண்ட் இழந்திருந்தால் தானாக எழும்பியிருக்கும். பேசத் தெரியாத மலிவான யூபிஎஸ்ஸாக இருந்திருந்தால், கரண்ட் வந்தபோதும் ஓடிக்கொண்டே இருந்திருக்கும். எல்லாவற்றையும் முறையாகச் செய்யும் ஏற்பாட்டில்தான் இந்த ஓட்டை.

லாஸ்ட் ஸ்டேட் ஏன் பொருந்தாது என்பதும் இங்கேதான் இருக்கிறது. யூபிஎஸ்ஸின் பேச்சைக் கேட்டு ஒழுங்காக அணைந்த கணினியின் கடைசி நிலை, அணைந்த நிலை. கரண்ட் முழுதாகப் போய்த் திரும்பினாலும் அது அணைந்தே இருக்கும்.

நட்டை எழுதியவர்களுக்கு இந்த ஓட்டை நன்றாகவே தெரியும். கணினி அணையும் கடைசிக் கட்டத்தில், "இன்னும் சில நொடிகளில் உன் வெளிப்பக்க மின்சாரத்தை நிறுத்து, கரண்ட் இருந்தால் பிறகு திரும்பக் கொடு" என்று யூபிஎஸ்ஸுக்கே கட்டளை போக வேண்டும் என்கிறார்கள். யூஎஸ்பி யூபிஎஸ்களுக்கான டிரைவரில் நிறுத்துவதற்கு 20 நொடி, திரும்பக் கொடுப்பதற்கு 30 நொடி என்று தொடக்க அளவுகளும் இருக்கின்றன. அப்படிச் செய்தால் இடையில் கரண்ட் வந்துவிட்டாலும் கணினி ஒருமுறை உண்மையிலேயே மின்சாரத்தை இழக்கும், இழந்ததால் எழும்பும். கரண்ட் இருக்கும்போது இந்தக் கட்டளையைக் கேட்காத யூபிஎஸ்களும் உண்டு. அவற்றுக்கு, கட்டளையைக் கொடுத்துவிட்டுக் கணினி இரண்டு நிமிடம் காத்திருந்து, அப்போதும் உயிரோடு இருந்தால் தானே ரீபூட் ஆகிக்கொள்ளும்படி அணைக்கும் நிரலில் ஒரு வரி சேர்க்கலாம். நகைக்கடையில் இரண்டையும் வைத்தேன். சோதிப்பதற்கு, பிளக்கை இழுத்து, கணினி அணையத் தொடங்கிய கணத்தில் திரும்பச் செருகிப் பார்க்க வேண்டும். இந்தச் சோதனையைச் செய்கிற ஆட்களை நான் அதிகம் பார்த்ததில்லை. பிளக்கை இழுத்து ஆறுதலாகச் செருகிவிட்டு, எல்லாம் சரி என்று பில்லைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். கரண்ட் அப்படி ஆறுதலாகத்தான் வர வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை.

எனக்கு இதில் மறக்க முடியாதது, பதிலைத் தெரிந்து வைத்திருந்தவர் யார் என்பதுதான். தன்னை அந்தப் படிகளிலிருந்து விடுவிப்பதற்காக நடந்த வேலையில், அதன் கடைசிப் பிழையைக் காதால் கேட்டுச் சொன்னவர் அவர். பட்டனை அமுக்கும் ஆள் என்று மட்டும் அவரை நினைத்திருந்தால் அந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்கவே மாட்டார்கள்.

பயப்படுகிறவர்களுக்கு

தானாக எழும்புவது ஆபத்து என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. இங்கே கரண்ட் வரும்போது ஒழுங்காக வருவதில்லை. வந்து, சிமிட்டி, போய், திரும்ப வரும். ஒவ்வொரு சிமிட்டலுக்கும் கணினி எழும்பி விழுந்தால் ஹார்ட் டிஸ்க் தாங்காது. வெள்ளவத்தையில் எனக்குத் தெரிந்த ஒரு மாமி, கரண்ட் வந்த பிறகும் கால் மணித்தியாலம் ஃபிரிட்ஜ் பிளக்கைச் செருகமாட்டா. அவ செய்வது சரி. ஆனால் கொஞ்சம் பொறுத்துப் போடு என்பது வேறு, போடவே போடாதே என்பது வேறு. பொறுத்திருப்பதை இயந்திரத்துக்கும் சொல்லிக்கொடுக்கலாம். யூபிஎஸ் திரும்பக் கொடுக்கும் நேரத்தை 30 நொடியிலிருந்து சில நிமிடங்களுக்குத் தள்ளலாம். சில யூபிஎஸ்களில், பற்றரி இத்தனை சதவீதம் ஏறிய பிறகுதான் மின்சாரம் கொடுக்க வேண்டும் என்றும் வைக்கலாம். நான் அதையே விரும்புவேன். ஏனென்றால் வெறும் பற்றரியோடு எழும்பும் கணினிக்கு அடுத்த மின்வெட்டில் ஒழுங்காக அணைய நேரம் கிடைக்காது. பெரிய சர்வர்களின் பயாஸிலேயே இந்தத் தாமதம் ஒரு தெரிவாக இருக்கிறது.

நகைக்கடை முதலாளியின் பயம் வேறு மாதிரி. "ஆளில்லாத நேரத்துல தானா ஓடுனா, நெருப்புகிருப்பு பிடிச்சிட்டா?" என்று கேட்டார். கரண்ட் போகாத இரவுகளிலும் அது ஆளில்லாமல்தானே ஓடுகிறது என்று சொன்னேன். கொஞ்சம் யோசித்தார். உண்மையில் அந்த அறையில் கவனிக்க வேண்டியது யூபிஎஸ் பற்றரிதான். உள்ளே இருப்பது 12 வோல்ட் ஈய அமிலப் பற்றரி. தகரக் கூரைச் சூட்டில் அதன் ஆயுள் வேகமாகக் குறையும், வயதாகி உப்பிப்போனால் ஆபத்தும்கூட. அதை முதலாம் மாடிக்கு இறக்கவும், மாற்றிய திகதியை மேலே எழுதி ஒட்டவும் சம்மதித்தார். மாடி அறைச் சாவி இப்போது அலுவலக மேசையில் இருக்கிறது. இடிமழை இரவுகளில் ஐயா வாசலிலேயே இருக்கிறார்.

இதைப் பார்த்த பிறகு முதலாளி, கீழே பில் போடும் கணினிகளையும் இப்படியே ஆக்கித் தரச் சொன்னார். நான் செய்யவில்லை. அவற்றுக்கு முன்னால் கடை திறந்திருக்கும் நேரமெல்லாம் ஆள் இருக்கிறார்கள். கடை மூடிய பிறகு அவை ஓடவேண்டிய தேவையே இல்லை. இரவில் கரண்ட் வந்ததும் பில் கணினி தானாக எழும்பி, பூட்டிய கடைக்குள் விடியும்வரை ஓடிக்கொண்டிருப்பதால் யாருக்கு என்ன பயன்? அவற்றில் தொடக்க அமைப்பையே விட்டுவைத்தேன். அடுத்ததாகக் கைவைக்க வேண்டியது பின்பக்க அறையில் இருக்கும் கணக்குச் சர்வர். அதன் யூபிஎஸ்ஸில் யூஎஸ்பி துளை இல்லை. புது யூபிஎஸ் வாங்குவதா, பழையதையே பெரிய பற்றரியோடு வைத்துக்கொள்வதா என்று முதலாளி விலை கேட்டுக்கொண்டிருக்கிறார். பேசத் தெரிந்ததை வாங்கச் சொல்லியிருக்கிறேன்.